சொல்லித் தராத சிகிச்சை

1960களில் அமெரிக்கப் பெருநகரங்களின் அரசு மருத்துவமனைகளில் மருத்துவம் படித்தவர்கள் எல்லோருக்கும் நினைவில் நிற்கும் ஒரு வார்டு உண்டு. சிகாகோவின் குக் கவுண்டி மருத்துவமனை, லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி மருத்துவமனை போன்ற இடங்களில், கள்ளத்தனமாகக் கருவைக் கலைக்கப்போய்ச் சீழ் பிடித்து வந்த பெண்களுக்கென்றே தனியாக ஒதுக்கப்பட்ட வார்டு அது. கொதிக்கும் காய்ச்சலோடு வருவார்கள். சிலருக்குச் சிறுநீரகம் நின்றுபோயிருக்கும், சிலருக்குக் கர்ப்பப்பை துளைபட்டிருக்கும். யாரோ ஒருவர் ரப்பர் குழாயையோ கம்பியையோ செலுத்தியிருப்பார், அல்லது அந்தப் பெண்ணே தனியாக இருந்து செய்துகொண்டிருப்பாள். ரத்தம் ஏற்றுவது, நாடி பார்ப்பது, பென்சிலின் போடுவது எல்லாம் மாணவர்கள் கையில். இவளுக்கு இந்தக் கதி நேராமல் முன்கூட்டியே என்ன செய்திருக்கலாம் என்பதை மட்டும் யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. அது குற்றம்.

1965-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கர்ப்பம், பிரசவம் தொடர்பாகப் பதிவான மரணங்களில் 17 சதவீதம் சட்டவிரோதக் கருக்கலைப்பால் நேர்ந்தவை. நியூயார்க் நகரில் 1960களின் தொடக்கத்தில், மகப்பேறு தொடர்பாக இறந்த வெள்ளையினப் பெண்களில் நான்கில் ஒருவர் இப்படி இறந்தார். கறுப்பின, போர்ட்டோ ரிக்கோப் பெண்களிலோ இரண்டில் ஒருவர். கையில் பணமும் தெரிந்த டாக்டரும் இருந்தால் வேறு வழி இருந்தது. மனநல மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கி, மருத்துவமனைக் குழுவின் ஒப்புதலைப் பெற்று, சுத்தமான அறுவை அரங்கில் காரியம் முடிந்துவிடும். ஒரே சிகிச்சை இவளுக்கு மேல்மாடியில் ரகசியமாக நடந்தது, அவளுக்குக் கீழ்மாடியில் மரணமாக முடிந்தது. இரண்டு மாடிக்கும் ஓடிக்கொண்டிருந்த மாணவர்கள் கண்ணால் பார்த்துக் கற்றது இந்த வேற்றுமையைத்தான்.

மருத்துவமனைக்கு வெளியே இருந்தவர்களில் சிலரும் சும்மா இருக்கவில்லை. 1965-இல் சிகாகோ பல்கலைக்கழக மாணவி ஹெதர் பூத், தோழர் ஒருவரின் தங்கைக்கு உதவி தேடினார். சிவில் உரிமை இயக்கத்தோடு சேர்ந்து நின்ற மருத்துவர்களின் அமைப்பு மூலம் டி. ஆர். எம். ஹோவர்டு என்ற கறுப்பின மருத்துவர் கிடைத்தார். அந்த ஒற்றை உதவியிலிருந்து வளர்ந்ததுதான் ‘ஜேன்’ என்ற ரகசியக் குழு. கடைசியில் அந்தப் பெண்களே சிகிச்சையைக் கற்றுக்கொண்டு செய்யத் தொடங்கினார்கள். 1973-க்குள் ஏறத்தாழ 11,000 கருக்கலைப்புகள் அவர்கள் வழியாக நடந்தன. மருத்துவக் கல்லூரிகள் கதவை மூடிக்கொண்டபோது, அவற்றுக்குள் காலெடுத்து வைக்காத பெண்கள் அந்தக் கலையைக் கற்றார்கள்.

1973 ஜனவரி 22 அன்று, கருக்கலைப்பை நாடெங்கும் சட்டபூர்வமாக்கிய ரோ எதிர் வேட் வழக்கின் தீர்ப்பு வந்தது. சீழ் வார்டுகள் சில ஆண்டுகளிலேயே காலியாகி மூடப்பட்டன. ஒரு தீர்ப்பு இவ்வளவு வேகமாக ஒரு நோயை ஒழித்ததற்கு வேறு உதாரணம் எனக்குத் தோன்றவில்லை. கதை இங்கே சுபமாக முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. காரணம் நீதிமன்றத்தில் இல்லை, பாடத்திட்டத்தில் இருந்தது.

தீர்ப்புக்கு முந்தைய ஆண்டு, 1972-இல், மகப்பேறு மருத்துவப் பேராசிரியர்கள் நூறு பேர் கூட்டாக ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தார்கள். சட்டம் மாறப்போகிறது, பெரும் எண்ணிக்கையில் பெண்கள் வருவார்கள், போதனா மருத்துவமனைகள் தயாராக வேண்டும் என்பது அதன் சாரம். மருத்துவமனைகள் தயாராகவில்லை. தனிக் கிளினிக்குகள் தயாராயின. அங்கே செலவு குறைவு, அதட்டல் இல்லை, காலையில் வந்தவர் மாலைக்குள் வீடு திரும்பலாம். நோயாளிக்கு நல்லதுதான். ஆனால் மாணவர்கள் கற்பது மருத்துவமனையில். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட கருக்கலைப்புகள் மருத்துவமனைக்கு வெளியே நடந்தன. நாட்டில் மிகப் பரவலாகச் செய்யப்படும் சிகிச்சைகளில் ஒன்று, மருத்துவம் படிக்கிறவர் கண்ணிலேயே படாமல் போயிற்று. 1985-இல் மகப்பேறு மேற்பயிற்சித் திட்டங்களில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவை இதை வழக்கமான பயிற்சியாகத் தந்தன. 1991–92-இல் அது 12 சதவீதமாகச் சுருங்கியது.

சட்டம் திறந்துவிட்ட கதவைக் கல்லூரி சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது என்றுதான் இதைச் சொல்லவேண்டும். யாரும் தடை போடவில்லை. பேராசிரியர்கள் அந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போனார்கள், அவ்வளவே. கிளினிக்குகளில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் பலர் சீழ் வார்டைக் கண்ணால் பார்த்த தலைமுறை. அவர்களுக்கு வயதாகிக்கொண்டிருந்தது. அடுத்து வந்தவர்கள் அந்த மரணங்களைப் பார்க்கவில்லை. தடுக்கும் முறையையும் கற்கவில்லை.

1993 மார்ச் 10 அன்று ஃபுளோரிடாவின் பென்சகோலா நகரில் டாக்டர் டேவிட் கன் தன் கிளினிக் வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே காலத்தில் நாடெங்கும் மருத்துவ மாணவர்களின் வீட்டு முகவரிக்கு ஒரு துண்டுப் பிரசுரம் வந்தது. கருக்கலைப்பு செய்யும் டாக்டர்களைச் சுட்டுத் தள்ளுவதை நகைச்சுவையாக எழுதிய பிரசுரம். பயமுறுத்துவதற்காக அனுப்பியதுதான். சான்பிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஜோடி ஸ்டைனாவருக்கும் அது வந்தது. அவரும் சக மாணவர்களும் அதைக் கையில் வைத்துக்கொண்டு தங்கள் பாடத்திட்டத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். எதைச் செய்தால் சுடுவோம் என்று மிரட்டுகிறார்களோ அதைப் பற்றித் தங்களுக்கு யாரும் ஒரு வகுப்புகூட எடுக்கவில்லை என்பது அப்போது உறைத்தது.

அந்த ஆண்டே ‘மெடிக்கல் ஸ்டூடண்ட்ஸ் ஃபார் சாய்ஸ்’ அமைப்பு பிறந்தது. அவர்கள் முதலில் ஊர்வலம் போகவில்லை என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. மேற்பயிற்சித் திட்டங்களுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பிடம் கையெழுத்து மனுவோடு போனார்கள். கேட்டது ஒன்றே ஒன்று: எங்களுக்குச் சொல்லித் தாருங்கள். 1995-இல் அந்த அமைப்பு விதியை மாற்றியது. 1996 ஜனவரி 1 முதல் மகப்பேறு மேற்பயிற்சித் திட்டம் ஒவ்வொன்றும் கருக்கலைப்புப் பயிற்சிக்கு வழிசெய்ய வேண்டும். மனசாட்சியோ மதமோ தடுக்கிறது என்பவர் விலகிக்கொள்ளலாம். அதே ஆண்டு அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு திருத்தம் கொண்டுவந்து, பயிற்சி தராத நிறுவனங்களை அரசு தண்டிக்கக்கூடாது என்று விதியின் பல்லைப் பாதி பிடுங்கியது. ஆனாலும் விதி நின்றது. 1999-இல் தொடங்கிய ரயன் பயிற்சித் திட்டம் பிற்பாடு நூற்றுக்கும் மேற்பட்ட மேற்பயிற்சித் துறைகளுக்குள் இந்தக் கல்வியைக் கொண்டுசேர்த்தது. ஸ்டைனாவர் மகப்பேறு மருத்துவராகி, அந்தத் திட்டத்தையே நடத்தும் பொறுப்புக்கு வந்தார்.

மேற்பயிற்சிக்கு முந்தைய மருத்துவப் பட்டப்படிப்பில் மாற்றம் மெதுவாகத்தான் வந்தது. 2005-இல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் 17 சதவீதம், நான்காண்டு முழுவதும் இதைப் பற்றி முறையான கல்வி எதுவும் தரவில்லை என்று தெரிந்தது. கல்லூரி தராததை மாணவர்கள் மாலை நேரத்தில் தாங்களே ஏற்பாடு செய்துகொண்டார்கள். அப்படிப் பரவியதுதான் பப்பாளிப் பட்டறை.

கர்ப்பப்பையைப் போன்ற வடிவம் பப்பாளிக்கு உண்டு. காம்புப் பக்கம் கழுத்தாக நினைத்துக்கொண்டு, மெல்லிய குழாயை உள்ளே விட்டு, கையால் இயக்கும் பிளாஸ்டிக் சிரிஞ்சு கொண்டு விதைகளை உறிஞ்சி எடுக்கிறார்கள். அழுத்தம் மிகுந்தால் தோல் கிழியும், எவ்வளவு தள்ளலாம் என்பதைக் கை கற்றுக்கொள்ளும். தமிழ் வாசகருக்கு இதில் ஒரு விசேஷம் இருக்கிறது. நம் வீடுகளில் கர்ப்பிணி கண்ணில் படக்கூடாத பழம் பப்பாளி. வெளியே சொல்ல முடியாத நிலையில் எத்தனையோ பெண்கள் நம்பிக்கையோடு தின்றதும் பப்பாளிக்காய்தான். கருவுக்கு ஆகாது என்று பாட்டிகள் ஒதுக்கிய பழத்தை மேசைமேல் வைத்து, பத்திரமாகச் செய்வது எப்படி என்று கற்கிறது உலகின் மறுகோடியில் ஓர் இளைய தலைமுறை. அங்கே பயிலும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் இதை வீட்டில் எப்படிச் சொல்வார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

மாணவர்களின் பங்கை வெறும் புகழ்ச்சியாக எழுதிவிட முடியாது. அதே போதனா மருத்துவமனைகளில், ஏழைப் பெண்களின் உடல் பாடப்புத்தகமாகவும் இருந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி மருத்துவமனையில் 1960களின் இறுதியிலும் 70களின் தொடக்கத்திலும், பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்த மெக்சிகோ வம்சாவளிப் பெண்களிடம் ஆங்கிலப் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கிக் கருத்தடை அறுவை செய்தார்கள். ஸ்பானிஷ் மட்டுமே தெரிந்த பலருக்கு, இனிக் குழந்தை பிறக்காது என்பதே பின்னால்தான் தெரிந்தது. பத்துப் பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1978-இல் நடந்த விசாரணையில் அவர்களுக்காகச் சாட்சிக்கூண்டில் ஏறியவர்களில் ஒருவர் கேரன் பெங்கர். சம்பவம் நடந்த காலத்தில் அங்கே மருத்துவ மாணவியாக இருந்தவர். ஏழைச் சிறுபான்மையினரின் பிறப்பு விகிதத்தைக் குறைக்கவேண்டும் என்று மேலிருந்தவர்கள் பேசியதைக் கேட்டதாகச் சொன்னார். நீதிபதி பெண்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். ஆனால் அந்தப் போராட்டத்தின் விளைவாகக் கலிஃபோர்னியாவில் ஸ்பானிஷ் மொழியில் படிவங்கள் வந்தன, விதிகள் கடுமையாயின.

இன்னொன்று இன்னும் அண்மையது. வேறு அறுவைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருக்கும் பெண்ணின் பிறப்புறுப்பைப் பரிசோதித்துப் பழகும்படி மாணவர்களிடம் சொல்வது பல கல்லூரிகளில் வழக்கமாக இருந்தது. அவளிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். விழித்தபின் சொல்லவும் மாட்டார்கள். ஃபிலடெல்ஃபியாவின் ஐந்து மருத்துவக் கல்லூரிகளில் நடத்தி 2003-இல் வெளியான ஆய்வு, மகப்பேறு வார்டில் பணியாற்றிய மாணவர்களில் 90 சதவீதம் பேர் மயக்கத்திலிருந்த பெண்ணைப் பரிசோதித்திருக்கிறார்கள் என்றது. ஆய்வை எழுதியவர்களில் ஒருவர், மாணவராக இருந்தபோது அனுமதியில்லாமல் அப்படிச் செய்ய மறுத்தவர். அதே ஆண்டு கலிஃபோர்னியா தடைச்சட்டம் கொண்டுவந்தது. பிறகு ஒவ்வொரு மாநிலமாகச் சட்டம் வந்தது, பல இடங்களில் மாணவர்களே சட்டமன்றக் குழுக்களின் முன் போய்ப் பேசினார்கள். 2024 ஏப்ரலில்தான் மத்திய அரசு எழுத்துமூலமான சம்மதம் கட்டாயம் என்று மருத்துவமனைகளுக்கு அறிவுறுத்தியது.

இவற்றை எல்லாம் சேர்த்துப் பார்க்கும் பார்வைக்குத்தான் ‘இனப்பெருக்க நீதி’ என்று பெயர். 1994-இல் சிகாகோவில் கூடிய பன்னிரண்டு கறுப்பினப் பெண்கள் வைத்த பெயர் அது. லொரெட்டா ராஸ் அவர்களில் ஒருவர். கருவைக் கலைக்கும் உரிமை ஒன்றை மட்டும் அவர்கள் கேட்கவில்லை. பிள்ளை வேண்டாம் என்று முடிவெடுக்கவும், வேண்டும் என்று பெற்றுக்கொள்ளவும், பெற்ற பிள்ளையைப் பயமில்லாமல் வளர்க்கவும் உரிமை வேண்டும் என்றார்கள். கேட்காமலே கர்ப்பப்பை அறுத்தெடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்தவர்களுக்குத்தான் அந்த இரண்டாவது உரிமையின் அருமை தெரியும். 1993-இல் ஸ்டைனாவரின் தலைமுறை ‘சொல்லித் தாருங்கள்’ என்றது. இன்றைய மாணவர்கள் அதோடு நிற்பதில்லை. யார் உடலில், யார் சம்மதத்தோடு கற்கிறோம் என்றும் கேட்கிறார்கள். முன்னதைவிட இது முதிர்ந்த கேள்வி என்பது என் எண்ணம்.

2022 ஜூன் 24 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரோ தீர்ப்பை ரத்துசெய்தது. சரியாக ஒரு மாதம் கழித்து, ஜூலை 24 அன்று, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களுக்கு வெள்ளைக் கோட்டு அணிவிக்கும் விழா. கருக்கலைப்புக்கு எதிரான கருத்துக்குப் பெயர்பெற்ற பேராசிரியர் ஒருவர் சிறப்புரை ஆற்ற எழுந்ததும் டஜன்கணக்கான மாணவர்கள் எழுந்து வெளியேறினார்கள். அவர் உரையில் கருக்கலைப்பு பற்றி வாதிடவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். மாற்றுக் கருத்துடையவரின் பேச்சைக் கேட்டிருக்கலாமே என்று பலர் வருந்தினார்கள். அந்த வருத்தத்தில் நியாயம் உண்டு. ஆனால் இன்னும் ஒரு வகுப்புகூடத் தொடங்காத அந்தப் பிள்ளைகள், தாங்கள் கற்கப்போகும் தொழிலின் ஒரு பகுதி ஒரு மாதத்துக்கு முன்தான் நாட்டின் பாதியில் ஆபத்துக்குள்ளானதை அறிந்திருந்தார்கள்.

பாதி என்பது மிகையில்லை. அந்த ஆண்டு கணக்கெடுத்தபோது, 6,007 மகப்பேறு மேற்பயிற்சி மருத்துவர்களில் 2,638 பேர், அதாவது ஏறத்தாழ 44 சதவீதம், தடை நிச்சயமான அல்லது தடை வரக்கூடிய மாநிலங்களில் இருந்தார்கள். இப்போது சுமார் ஒரு டஜன் மாநிலங்களில் அநேகமாக முழுத்தடை. டெக்சஸில் மீறும் மருத்துவருக்கு ஆயுள்வரை சிறை, குறைந்தது ஒரு லட்சம் டாலர் அபராதம், உரிமம் பறிபோகும். பயிற்சி விதியோ ரத்தாகவில்லை. 2022 செப்டம்பரில் அங்கீகார அமைப்பு, தடையுள்ள மாநிலத்தின் பயிற்சித் திட்டங்கள் தங்கள் மருத்துவர்களை அனுமதியுள்ள மாநிலத்துக்கு அனுப்பிக் கற்பிக்க வேண்டும் என்றது. காகிதத்தில் எளிது. அந்த மாநிலத்தின் தற்காலிக உரிமம், காப்பீடு, தங்குமிடம், ஊரில் விட்டுவரும் வேலையைச் செய்ய இன்னொருவர் என்று எல்லாம் பார்த்தாக வேண்டும். போகும் இடத்திலும் சொந்த மாணவர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

அன்றைய ஆபத்தும் இன்றைய ஆபத்தும் ஒன்றல்ல. அன்று பெண்களைக் கொன்றது கற்காத கை. இன்று மாத்திரை இருக்கிறது. 2000 செப்டம்பரில் அங்கீகரிக்கப்பட்ட மிஃபெப்ரிஸ்டோன் வழியாகத்தான் 2023-இல் அமெரிக்காவில் மருத்துவ அமைப்புக்குள் நடந்த கருக்கலைப்புகளில் 63 சதவீதம் நடந்தன. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்த ஆண்டில் மாநிலம் தாண்டிப் போய்ச் சிகிச்சை பெற்றார்கள். அதனால் அன்றுபோல் வார்டுகள் நிரம்பவில்லை. இன்று அச்சம் வேறு இடத்தில் இருக்கிறது. செய்யத் தெரிந்த கை, சட்டத்துக்குப் பயந்து காத்திருக்கிறது. 2022 ஆகஸ்டில் ஜார்ஜியாவில் 28 வயதுத் தாய் ஒருவர் மாத்திரைக்குப் பின் முழுதாக வெளியேறாத திசுவால் சீழ் பிடித்து மருத்துவமனைக்கு வந்தார். கர்ப்பப்பையைச் சுத்தம் செய்யும் சாதாரண சிகிச்சை தொடங்க ஏறத்தாழ 20 மணிநேரம் ஆனது. அறுவை மேசையிலேயே இறந்தார். தவிர்த்திருக்கக்கூடிய மரணம் என்று அந்த மாநிலத்தின் சொந்த ஆய்வுக் குழுவே பின்னர் சொன்னது.

அந்தச் சிகிச்சை கருக்கலைப்புக்கு மட்டும் உரியதல்ல. தானாகக் கலைந்துபோன கருவுக்கும், பிரசவத்துக்குப் பின் நிற்காத ரத்தப்போக்குக்கும் அதே கருவி, அதே கைப்பழக்கம். ஒன்றைக் கற்பிக்காமல் விட்டால் மற்றவையும் கூடவே போகும். கருக்கலைப்பை மனதார எதிர்க்கும் மாணவர்கள் இருக்கிறார்கள், விலகிக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு இருக்கவேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் நள்ளிரவில் ரத்தம் கொட்ட வருகிற பெண்முன் நிற்கும் டாக்டருக்கு விலகுவது என்பது கிடையாது.

ஐடஹோவில் தடைக்குப் பிந்தைய பதினைந்து மாதங்களில் மகப்பேறு மருத்துவர்களில் 22 சதவீதம் பேர் மாநிலத்தில் தொழிலை நிறுத்தினார்கள். சாண்ட்பாயின்ட் என்ற சிற்றூரின் மருத்துவமனை 2023-இல் பிரசவ வார்டையே மூடியது. பிள்ளை பெறப் போகிறவளும் இப்போது மலைச்சாலையில் வேறு ஊருக்குப் போகவேண்டும். அந்த 1994-ஆம் ஆண்டுப் பெண்கள் ஏன் மூன்று உரிமைகளையும் பிரிக்காமல் சேர்த்துச் சொன்னார்கள் என்பது இங்கே விளங்குகிறது.

மாணவர்கள் காலால் பதில் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். 2023-இல் அமெரிக்க மருத்துவக் கல்லூரி இறுதியாண்டினரிடமிருந்து மகப்பேறு மேற்பயிற்சிக்கு வந்த விண்ணப்பதாரர்கள் நாடு முழுவதும் 5.2 சதவீதம் குறைந்தார்கள், முழுத்தடை மாநிலங்களில் 10.5 சதவீதம். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் டாக்டர் மிகவும் தேவைப்படும் இடத்திலிருந்து டாக்டர்கள் விலகிப்போவது அங்கேயுள்ள பெண்களுக்கு இரண்டாவது தண்டனை. அதனால் போகாமல் தங்குகிறவர்களின்மேல் எனக்குத் தனி மரியாதை. டெக்சஸிலும் டென்னசியிலும் படித்துக்கொண்டே, விடுமுறை மாதத்தில் சொந்தச் செலவிலோ மாணவர் அமைப்பின் நிதியிலோ வேறு மாநிலக் கிளினிக்குக்குப் போய்க் கற்றுத் திரும்புகிறார்கள். அந்தச் சிறு பயண நிதிகள் 1990களின் மாணவர்கள் யோசித்து வைத்தவை. அப்போது அவை தாராள மாநிலங்களிலேயே கூட இல்லாத பயிற்சிக்கு வழி. இப்போது எல்லையைத் தாண்டும் வழி.

2022-இல் வெள்ளைக் கோட்டு அணிந்தவர்களின் நான்காண்டுப் படிப்பு 2026-இல் முடிகிறது. ரோ இல்லாத அமெரிக்காவில் தொடக்கம் முதல் இறுதிவரை மருத்துவம் படித்த முதல் தொகுதி அது. மேற்பயிற்சி நேர்காணலில் சம்பளம், பணிநேரம் ஆகியவற்றோடு இன்னொன்றையும் விண்ணப்பதாரர்கள் கேட்கிறார்கள்: கருக்கலைப்பை நான் எங்கே, யாரிடம், எத்தனை வாரம் கற்பேன்? முப்பது ஆண்டுகளுக்கு முன் மனு கொடுத்துக் கேட்க வேண்டியிருந்ததை மேசைக்கு எதிரே உட்கார்ந்து நேராகக் கேட்கிறார்கள். தடையுள்ள மாநிலங்களில் பயிற்சித் துறைத் தலைவர்கள் அதற்கு ஊர் பெயரும் தேதியும் சொல்லிப் பதில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது.